தண்ணீர்க் குழாயும் பனிக்கட்டி அரங்கமும்: கிரெனோபிள் நகரின் விளையாட்டு அரசியல்

1964 ஜனவரி 28 அன்று இன்ஸ்ப்ரூக்கில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு, 1968ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக்கை பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக்குக் கொடுத்தது. மூன்றாம் சுற்று வரை இழுபறி. கனடாவின் கால்கரிக்கு 24 வாக்குகள், கிரெனோபிளுக்கு 27. அதே காலத்தில், அதே நகரத்தின் புதிய அடுக்குமாடிகளில் மேல்தளங்களில் குடியிருந்தவர்கள், குழாயைத் திறந்தால் தண்ணீர் ஏறிவருவதில்லை என்று சங்கம் சேர்ந்து நகராட்சியோடு மல்லுக்கு நின்றார்கள். 1965 மார்ச்சில் நகராட்சித் தேர்தல் வந்தது. ஒலிம்பிக்கைக் கொண்டுவந்த மேயர் தோற்றார். தண்ணீருக்காக மல்லுக்கு நின்றவர் மேயரானார்.

போருக்குப் பிந்தைய பிரெஞ்சு நகரங்களில் விளையாட்டுக் கொள்கை எப்படி உருவானது என்று கேட்டால், பலரும் பாரிஸிலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள்: அமைச்சகம், ஐந்தாண்டுத் திட்டம், மானியம். அதில் பிழையில்லை. ஆனால் எந்த அரங்கம் எங்கே எழுந்தது, யாருக்காக எழுந்தது, யார் கடன் கட்டினார்கள் என்ற கேள்விகளுக்கு விடை உள்ளூர் வாக்குப்பெட்டியில் இருக்கிறது. இதைக் கிரெனோபிளைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஊர்

கிரெனோபிள் மலைகளுக்கு நடுவே இருந்தாலும் மலைமேல் இருக்கும் ஊர் அல்ல. ஷார்த்ரூஸ், வெர்கோர், பெல்தோன் என்று மூன்று பக்கமும் மலைத்தொடர்கள் நிற்க, இசேர் ஆறும் திராக் ஆறும் சேருமிடத்தில் தட்டையாகக் கிடக்கிறது. கையுறை தைக்கும் தொழிலும் பின்னர் நீர்மின்சாரமும் அதை வளர்த்தன. 1956இல் இயற்பியலாளர் லூயி நேல் அங்கே அணு ஆய்வு மையத்தை நிறுவியதும் ஊரின் முகமே மாறியது. பொறியாளர்களும் ஆய்வாளர்களும் பிரான்சின் பல மூலைகளிலிருந்து வந்து குவிந்தார்கள். 1954இல் ஏறத்தாழ 1,16,000 பேர் இருந்த நகரம் 1962இல் 1,57,000 பேரைத் தாண்டவில்லை என்றாலும் அதை நெருங்கிவிட்டது. எட்டே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிய மக்களுக்குப் பள்ளி, சாலை, சாக்கடை, தண்ணீர் எதுவும் அதே வேகத்தில் வந்துசேரவில்லை.

போர் முடிந்த நாளிலிருந்து 1959 வரை, நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, மேயராக இருந்தவர் சோஷலிஸ்ட் மருத்துவர் லெயோன் மார்த்தேன். 1940 ஜூலையில், பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபின், மார்ஷல் பெத்தேனுக்கு முழு அதிகாரம் கொடுக்க மறுத்து வாக்களித்த 80 நாடாளுமன்ற உறுப்பினர்களில் அவரும் ஒருவர். அவருக்குப் பின் 1959இல் வந்தவர், அன்றைய குடியரசுத் தலைவர் தெ கோலின் ஆதரவாளரான அல்பேர் மிஷாலோன், அவரும் மருத்துவர்தான்.

பாரிஸுக்கு என்ன தேவைப்பட்டது

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு ஒரு தங்கம்கூடக் கிடைக்கவில்லை. மொத்தம் 5 பதக்கங்கள். நாட்டின் மதிப்பைப் பற்றி ஓயாமல் பேசிய ஆட்சிக்கு அது பெரிய அவமானமாகப்பட்டது. விளையாட்டுப் பொறுப்பில் அப்போது இருந்தவர் மோரிஸ் எர்சோக். 1950இல் அன்னபூர்ணா சிகரத்தில் ஏறி, உறைபனிக்கு விரல்களைப் பலிகொடுத்துத் திரும்பியவர். 1961 ஜூலையில் விளையாட்டுக் கட்டமைப்புக்கென்றே ஒரு நிதித் திட்டச் சட்டம் வந்தது. நீச்சல்குளம், உடற்பயிற்சிக்கூடம், மைதானம் ஆகியவற்றை நாடெங்கும் கட்டுவதே அதன் குறி.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மானியம் கொடுப்பது பாரிஸ். ஆனால் கட்டடம் கம்யூனுக்கு, அதாவது ஊராட்சிக்கு அல்லது நகராட்சிக்கு, சொந்தம். பிரான்சில் விளையாட்டுக் கட்டடங்களில் பெரும்பங்கு இன்றும் கம்யூன்கள் கையில்தான் இருக்கிறது. போட்டிகளை நடத்தும் அதிகாரத்தை 1945 ஆகஸ்டு 28 அரசாணை வழியாகத் தேசியக் கூட்டமைப்புகளுக்கு அரசு ஒப்படைத்தது. கழகங்களோ 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான சங்கங்கள். ஆண்டுதோறும் நகராட்சி மானியத்துக்குக் கையேந்துபவை. ஆக, அரசு, கூட்டமைப்பு, கழகம் மூன்றும் வந்து முட்டும் இடம் மேயரின் மேசை. மைதானத்துக்கு எந்தப் பேட்டை, மாலை ஆறு மணிக்கு அரங்கம் எந்தக் கழகத்துக்கு, எவ்வளவு மானியம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அந்த மேயரின் வரவுசெலவுத் திட்டத்தையோ 1982 வரை ப்ரிஃபெக்ட் மேற்பார்வையிட்டார். அவர் பாரிஸ் அரசு மாவட்டத்துக்கு அனுப்பும் ஆட்சியர்.

கிரெனோபிளின் ஒலிம்பிக் யோசனையே ப்ரிஃபெக்டிடமிருந்து கிளம்பியதுதான். 1960 நவம்பரில் இசேர் மாவட்ட ப்ரிஃபெக்ட் ஃப்ரான்சுவா ரவுலும், தோஃபினே பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தலைவர் ரவுல் அர்துவேனும் இதை முன்வைத்தார்கள். மிஷாலோன் சம்மதித்தார். டிசம்பர் 30 அன்று நகர்மன்றம் விண்ணப்பிக்கத் தற்காலிகமாக முடிவெடுத்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஊர் மக்கள் கேட்ட விளையாட்டுத் தேவை என்று இதைச் சொல்ல வழியில்லை. பாரிஸுக்கு ஒரு மேடை வேண்டியிருந்தது, மாவட்டத்துக்குச் சாலை வேண்டியிருந்தது, மேயருக்குப் பெயர் வேண்டியிருந்தது.

மிஷாலோனைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. கிரெனோபிளின் கதையைச் சொல்லும் பலர், தொலைநோக்குள்ள அடுத்த மேயரையும் பகட்டுக்காரரான பழைய மேயரையும் எதிரெதிரே நிறுத்துகிறார்கள். அது நியாயமில்லை. 1960 டிசம்பரில் அந்த முடிவு வராதிருந்தால் பின்னால் வந்தவர் கையில் பிடிப்பதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

தோற்றவர் தலைவர், வென்றவர் மேயர்

ஊபேர் துபெதூ 1922இல் போ நகரத்தில் பிறந்தவர். கடற்படை அதிகாரியாக இருந்து, பின் கிரெனோபிள் அணு ஆய்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கட்சிக்காரர் அல்லர். தண்ணீர் அழுத்தம் போதவில்லை என்பதிலிருந்து தொடங்கி, நகரத்தை நடத்தும் விதமே சரியில்லை என்ற முடிவுக்கு வந்தவர். அவரும் நண்பர்களும் சேர்ந்து நகராட்சிச் செயல் குழு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஊருக்குப் புதிதாக வந்த பொறியாளர்கள், ஆசிரியர்கள், கத்தோலிக்க இடதுசாரிகள், தொழிற்சங்கத்தினர் அதில் இருந்தார்கள். பழைய ஊர்க்குடும்பங்களோடும் பழைய கட்சிக் கிளைகளோடும் இவர்களுக்கு உறவு குறைவு. சோஷலிஸ்டுகளோடு சேர்ந்து பட்டியல் போட்டுப் போட்டியிட்டு, யாரும் எதிர்பாராத வகையில் இரண்டாம் சுற்றில் வென்றார்கள்.

இந்த வெற்றியின் கனம் புரிய வேண்டுமானால் தேர்தல் விதி தெரிய வேண்டும். 1964 ஜூனில் வந்த சட்டப்படி, 30,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில் பட்டியலை முழுதாகத்தான் ஏற்க வேண்டும். வென்ற பட்டியலுக்கு மன்றத்தின் எல்லா இடங்களும். தோற்ற பட்டியலுக்கு ஒன்றுகூட இல்லை. பெரிய நகரங்களைத் தம் பக்கம் இழுக்கத் தெ கோல் தரப்பு செய்த ஏற்பாடு என்று அன்று பேசப்பட்ட விதி. கிரெனோபிளில் அது அவர்களுக்கே எதிராகத் திரும்பியது. மிஷாலோன் தரப்புக்கு நகர்மன்றத்தில் நாற்காலியே இல்லாமல் போனது.

ஆனால் ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் தலைவர் அவர்தான். 1964 ஆகஸ்டில் அமைந்த அந்தக் குழுவின் தலைமையில் அவர் தொடர்ந்தார். ஒரே நகரத்தில் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு இந்த நிலைதான்: விழாவை நடத்துபவர் தோற்றுப்போன மேயர், விழாவுக்கு நிலமும் கட்டடமும் கடனும் பொறுப்பேற்பவர் அவரைத் தோற்கடித்த மேயர், பணத்தில் பெரும்பங்கைக் கொடுப்பது தோற்றவரின் கட்சி ஆளும் பாரிஸ். மூவரில் யாரும் யாரையும் உதறிவிட முடியாது. 1968 பிப்ரவரி 6 என்ற தேதி யாருக்காகவும் நகராது. இந்த ஆய்வின் மையம் என்று நான் கருதுவது இந்தச் சிக்கலைத்தான்.

துபெதூவுக்கு வேறு வழி இருந்ததா? பிற்காலத்தில் அமெரிக்காவின் டென்வர் நகரத்துக்கு 1976 குளிர்கால ஒலிம்பிக் கிடைத்தபோது, கொலராடோ மாநில வாக்காளர்கள் 1972 நவம்பரில் அதற்குப் பணம் செலவழிக்கக் கூடாது என்று வாக்களித்தார்கள். போட்டி இன்ஸ்ப்ரூக்குக்குப் போனது. கிரெனோபிளில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. புதிய குழு ஒலிம்பிக்கை உதறவில்லை. வேறொன்று செய்தது.

கெடுவைக் கருவியாக்கியது

பிரான்சில் ஒரு நகரத்தின் ரயில் பாதையை உயர்த்த வேண்டுமென்றாலோ, நெடுஞ்சாலையை இழுத்துவர வேண்டுமென்றாலோ பாரிஸில் பத்து ஆண்டுகள் கோப்பு தூங்கும். ஆனால் உலகமே தொலைக்காட்சியில் பார்க்கப்போகும் விழாவுக்கு விருந்தினர் இறங்கும் நிலையம் பழுதாக இருக்கலாமா? நகரத்தை நடுவே வெட்டிய ரயில்வே கேட்டில் வீரர்களின் பேருந்து நிற்கலாமா? துபெதூவின் குழு இந்த வாதத்தை எடுத்துக்கொண்டது. விளையாட்டுக்காக நகரம் என்பதை நகரத்துக்காக விளையாட்டு என்று திருப்பிப் போட்டது.

விளைவுகள் கண்முன் இருக்கின்றன. ரயில் பாதை பாலத்தின் மேல் ஏற்றப்பட்டுக் கேட்டுகள் ஒழிந்தன. புதிய ரயில் நிலையம் எழுந்தது. மோரிஸ் நொவாரினா வடிவமைத்த புதிய நகர்மன்றக் கட்டடம் 1967இல் போல் மிஸ்த்ரால் பூங்காவில் திறக்கப்பட்டது. ஊரின் தெற்கில் இருந்த மெர்மோஸ் விமான இறங்குதளம் மூடப்பட்டு, அந்தப் பக்கம் முழுவதும் நகர விரிவுக்குத் திறந்தது. விமான நிலையம் தொலைவில் சேன்-ஜுவார் பக்கம் போனது. ஒலிம்பிக் கிராமம் ஆரம்பத்திலிருந்தே குடியிருப்பாக வரையப்பட்டது: வீரர்கள் போனதும் குறைந்த வாடகை வீடுகளும் மாணவர், இளந்தொழிலாளர் விடுதிகளும் அங்கே வந்தன. இன்றும் அந்தப் பேட்டைக்கு ஒலிம்பிக் கிராமம் என்றே பெயர்.

ஆந்த்ரே வோழான்ஸ்கி கட்டிய, நாடக அரங்கம் கொண்ட பண்பாட்டு இல்லத்தை விழாவுக்கு மூன்று நாள் முன்பு, பிப்ரவரி 3 அன்று, அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ திறந்துவைத்தார். 1967 கோடையில் நகரத்தில் சிற்பிகளைக் கூட்டி வேலை செய்யவைத்து, படைப்புகளை ஊரிலேயே நிறுத்தினார்கள். ரயில் நிலையத்தின் முன் நிற்கும் அலெக்சாந்தர் கால்டரின் மூன்று சிகரங்கள் என்ற உலோகச் சிற்பமும் அந்தக் காலத்தின் வரவுதான். விளையாட்டு விழாவின் செலவில் இதெல்லாம் எப்படி நுழைந்தது என்று கேட்டால், அந்த மன்றத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பண்பாட்டுத் துறையின் துணை மேயர் பெர்னார் ஜில்மான், மக்களும் பண்பாடும் என்ற இயக்கத்திலிருந்து வந்தவர். நாஜி ஆக்கிரமிப்பிலிருந்து விடுதலை பெற்ற கையோடு 1944இல் கிரெனோபிளிலேயே பிறந்த இயக்கம் அது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ழோஃப்ர் துமாசெதியே பின்னர் ஓய்வுநேரத்தின் சமூகவியலாளராகப் புகழ்பெற்றார். உழைப்பவருக்கு ஓய்வு நேரம் உரிமை, அதில் நாடகமும் நூலகமும் மலையேற்றமும் ஒரே வரிசையில் வரும் என்பது அவர்களின் நம்பிக்கை. இந்த நம்பிக்கையுள்ளவர்கள் கையில் ஒலிம்பிக் அகப்பட்டதால்தான் பனிக்கட்டி அரங்கத்தோடு நாடக அரங்கமும் வந்தது.

நகரமைப்பிலும் இப்படித்தான். பாரிஸ் வானொலி மாளிகையைக் கட்டிய ஆன்றி பெர்னார் முந்தைய நிர்வாகக் காலத்தில் கிரெனோபிளுக்குப் பெருந்திட்டம் வரைந்திருந்தார். புதிய குழு அதைக் கேள்விக்குள்ளாக்கியது. நகரமே தனக்கென்று வல்லுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1967இல் நகரமைப்பு முகமையை ஏற்படுத்தியது. பாரிஸிலிருந்து வரும் வரைபடத்துக்குத் தலையாட்டுவதற்குப் பதிலாக, நாங்களும் கணக்குப் போடுவோம் என்று ஒரு நகராட்சி சொன்னது அன்றைய பிரான்சில் புதிது.

இதற்கிடையில் தேசிய அரசியல் வேறு. 1967 மார்ச்சில் கிரெனோபிள் தொகுதியில் நாடாளுமன்றத்துக்கு வென்றவர் பியேர் மென்டெஸ் ஃப்ரான்ஸ், தெ கோலின் ஆட்சிமுறையை முதல் நாளிலிருந்து எதிர்த்தவர். அடுத்த பிப்ரவரியில் அந்த நகரத்தில்தான் தெ கோல் வந்து ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்தார். மாதங்கள் கழித்து, மாணவரும் தொழிலாளரும் கிளர்ந்த மே கலகங்களுக்குப் பின் ஜூனில் நடந்த தேர்தலில், மென்டெஸ் ஃப்ரான்ஸ் வெறும் 132 வாக்கில் தோற்றார். ஆக, பாரிஸ் பணத்தைக் கொட்டியதால் ஊர் பாரிஸின் பக்கம் சாய்ந்தது என்றும் சொல்ல முடியாது, சாயவில்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

விழாவும் மலையூர்களும்

தொடக்க விழாவுக்கு 60,000 பேர் அமரும் தற்காலிக அரங்கம் கட்டி, முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். அந்தப் படிகளில் தீபத்தோடு ஏறியவர் பனிச்சறுக்காட்ட வீரர் அலேன் கால்மா. அவர் பின்னர் 1984இல் விளையாட்டு அமைச்சரானார், 1995 முதல் 2014 வரை பாரிஸ் அருகே லிவ்ரி-கர்கான் நகரின் மேயராகவும் இருந்தார். பிரான்சில் விளையாட்டுக்கும் நகர்மன்றத்துக்கும் நடுவே உள்ள கதவு எவ்வளவு எளிதாகத் திறக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. எர்சோக்கும் அதே 1968இல் ஷாமோனி ஊரின் மேயரானார்.

37 நாடுகள், 1,158 வீரர்கள். பிரெஞ்சுப் பனிச்சறுக்கு வீரர் ழான்-குளோத் கிலிக்கு மூன்று தங்கம். பாரிஸ் கேட்டது கிடைத்தது.

ஆனால் நகரத்துக்குள் நடந்தவை பனிக்கட்டியில் ஆடும் போட்டிகள் மட்டுமே. பனிச்சறுக்குக்கு மலையூர்கள் வேண்டும்: ஷாம்ரூஸ், ஓத்ரான், வில்லார்-தெ-லான்ஸ், சேன்-நிசியே, ஆல்ப் தூயெஸ். அவை வெவ்வேறு கம்யூன்களில் இருந்தன: வெவ்வேறு மேயர், வெவ்வேறு கணக்கு. எல்லாருக்கும் பங்கு வேண்டும். இந்தப் பங்கீட்டின் விலை பின்னர் தெரிந்தது. ஷாம்ரூஸும் ஓத்ரானும் ஏற்கெனவே பனிச்சறுக்கில் வாழ்ந்த ஊர்கள். அவற்றுக்கு வந்த சாலையும் பெயரும் வீண்போகவில்லை. ஆல்ப் தூயெஸில் பாப்ஸ்லெட் என்ற பனிவண்டிப் பந்தயத்துக்குக் கட்டிய ஓடுபாதையோ வெயிலில் உருகியது. போட்டிகளைச் சூரியன் எழுமுன் நடத்த வேண்டியிருந்தது. சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. சேன்-நிசியேயில் நகரத்தைப் பார்த்தபடி நிற்கும் 90 மீட்டர் பனிச்சறுக்குத் தாண்டல் மேடை, பல ஆண்டுகளாக உள்ளே யாரும் ஏறாத கான்கிரீட்டாக நிற்கிறது. ஒரு விளையாட்டைத் தினமும் ஆடும் கழகம் இல்லாத ஊரில் அதற்கான மேடையைக் கட்டினால் என்ன ஆகும் என்பதைக் கிரெனோபிள்காரர்கள் வீட்டு ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.

யார் கட்டினார்கள்

மொத்த முதலீடு ஏறத்தாழ 110 கோடி ஃப்ராங்க். தனிப் பங்காளர்களில் பெரியவர் அரசு. ஆனால் மீதிக்கு உள்ளூரில் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனை அடைக்க வீட்டுவரி, சொத்துவரி ஏறியது. 1995 வரை கடன் கட்டினோம் என்பது கிரெனோபிளில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இதை வைத்து ஒலிம்பிக் ஒரு பொறி என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது: வெறும் பதின்மூன்று நாள் விழாவுக்கு வாக்களிக்காத ஒரு தலைமுறை முப்பது ஆண்டுகள் கட்டியிருக்கிறது.

ஆனால் அந்தக் கடனுக்குள் என்னென்ன இருந்தன என்று பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது தவறு. ரயில் பாலமும் சாலையும் நகர்மன்றமும் எப்படியும் கட்டப்பட வேண்டியவை. அவற்றை மூன்று ஆண்டுகளில், அரசின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கட்டியது லாபம். தாண்டல் மேடையும் பாப்ஸ்லெட் பாதையும் நட்டம். பனிக்கட்டி அரங்கம்தான் உண்மையான சிக்கல். 12,000 பேர் அமரும் அந்த மண்டபம், தன் கான்கிரீட் கூரையின் அழகில் இன்றும் கண்ணை நிறுத்தும். ஆனால் ஊரின் ஐஸ் ஹாக்கிக் கழகத்துக்கு அவ்வளவு பெரிய கூடம் தேவையில்லை. அதற்கு 1963இல் கட்டிய கிளெமான்சோ சறுக்குத்தளம் இருந்தது. அன்றாடக் கழகம் நிரப்ப முடியாத கூடத்தைக் காட்சிகளால்தான் நிரப்ப முடியும். கச்சேரி, கண்காட்சி, 1971 முதல் ஆறு நாள் சைக்கிள் பந்தயம். ஒரு கட்டடத்தின் இருக்கை எண்ணிக்கையே அடுத்தடுத்த மேயர்களின் விளையாட்டுக் கொள்கையை எழுதிவிட்டது என்றால் அது மிகையல்ல.

வரியேற்றம் துபெதூவைத் தண்டித்ததா? 1971இலும் 1977இலும் மீண்டும் வென்றார். கடனுக்குப் பொறுப்பு பழைய மேயர், பலனுக்குப் பொறுப்பு புதிய மேயர் என்று வாக்காளர் பிரித்துப் பார்த்திருக்கலாம். தேர்தல் நடுவில் வந்தது அவருக்கு அந்த வகையிலும் உதவியது.

பேட்டைக்குப் பேட்டை

விழாவுக்குப் பின் துபெதூவின் மன்றம் மனத்தை வைத்தது தெற்கில் எழுந்த வில்நேவ் என்ற புதிய குடியிருப்பில். 1970களின் தொடக்கத்தில் ஆர்லகேன் பகுதியில் மக்கள் குடியேறினார்கள். வெவ்வேறு வருமானக்காரர்கள் கலந்து வாழ்வது, நடுவே பெரிய பூங்கா, பள்ளியும் நூலகமும் விளையாட்டுக் கூடமும் குடியிருப்போடு ஒட்டியிருப்பது என்பது திட்டம். பள்ளி மணி அடித்த பிறகு கூடம் பூட்டிக்கிடக்கக் கூடாது, மாலையில் பெரியவர்களுக்குத் திறக்க வேண்டும் என்ற எண்ணம் இதன் உயிர். நகரத்தின் பெயரை உயர்த்தும் விளையாட்டுக்கும் வீட்டு வாசலில் கிடைக்கும் விளையாட்டுக்கும் நடுவே ஒவ்வொரு பிரெஞ்சு மேயரும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கிரெனோபிளில் முதல் வகை தற்செயலாக வந்து விழுந்தது. இரண்டாவது வகையை இவர்கள் தாமே தேர்ந்தார்கள். என் மனம் இரண்டாவதன் பக்கம்தான். வில்நேவ் பிற்காலத்தில் வறுமையும் வன்முறையும் சூழ்ந்த பேட்டையாகச் செய்திகளில் அடிபட்டபோதும், அந்தத் தேர்வு தவறு என்று நான் நினைக்கவில்லை.

வேறு ஊர்களில் தேர்வு வேறு. பாரிஸைச் சுற்றிய கம்யூனிஸ்ட் நகரங்களில், 1934இல் பிறந்த தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பின் கழகங்கள் நகராட்சியின் உடன்பிறப்புகளாக வளர்ந்தன. சேன்-தெனியின் மைதானம் அந்த இயக்கத்தின் தலைவரும் நாஜி எதிர்ப்புப் போரில் மாண்டவருமான ஓகுஸ்த் தெலோனின் பெயரைத் தாங்குகிறது. அங்கே விளையாட்டு வர்க்க அரசியலின் பள்ளிக்கூடம். பொர்தோவிலோ 1947 முதல் 1995 வரை மேயராக இருந்த ழாக் ஷாபான்-தெல்மாஸ் தாமே ரக்பி ஆடியவர். நகரத்தின் பெயரும் கால்பந்துக் கழகத்தின் பெயரும் மேயரின் பெயரும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. ஒரே சட்டம், ஒரே மானியப் பட்டியல். ஆனால் மூன்று ஊரில் மூன்று விதமான விளையாட்டு.

மீண்டும் தண்ணீர், மீண்டும் பூங்கா

1983இல் தேர்தல் விதி மாறியது. தோற்றவர்களுக்கும் இனி மன்றத்தில் இடம் உண்டு. அந்த ஆண்டு துபெதூ முதல் சுற்றிலேயே வலதுசாரி அலேன் காரிஞோனிடம் தோற்றார். மூன்று ஆண்டுகள் கழித்து மலையில் நேர்ந்த விபத்தில் இறந்தார். காரிஞோன் 1989இல் நகரத்தின் குடிநீரைத் தனியாருக்குக் கொடுத்தார். அந்த ஒப்பந்தத்தின் பின்னணியில் இருந்த லஞ்ச வழக்கில் சிறை சென்றார். 2000ஆம் ஆண்டில் தண்ணீர் மீண்டும் நகரத்தின் கைக்கு வந்தது. 1965இல் ஒரு மேயரை ஏற்றிய தண்ணீர், முப்பது ஆண்டு கழித்து இன்னொருவரைச் சாய்த்தது. அந்தத் தண்ணீர்ப் போராட்டத்தில் வளர்ந்த சூழலியல்வாதிகள்தாம் பின்னர் விளையாட்டுக் கொள்கையிலும் கைவைத்தார்கள்.

2003இல் போல் மிஸ்த்ரால் பூங்காவில் பழைய ஷார்ல் பெர்த்தி மைதானம் இருந்த இடத்தில் புதிய கால்பந்து அரங்கம் கட்ட முடிவானது. ஷார்ல் பெர்த்தி, மௌட்ஹௌசென் நாஜி வதைமுகாமில் இறந்த ஊர்க்கார சைக்கிள் வீரர். சோஷலிஸ்ட் மேயர் மிஷேல் தெஸ்தோ அரங்கத்தை ஆதரித்தார். எதிர்ப்பாளர்கள் பூங்கா மரங்களில் ஏறிக் குடிசை போட்டு, குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கினார்கள். 2004 பிப்ரவரியில் காவல்துறை அவர்களை இறக்கியது. 2008இல் 20,068 இருக்கைகளோடு ஆல்ப்ஸ் அரங்கம் திறந்தது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கையில் இருந்த கால்பந்துக் கழகம் அந்த ஆண்டே முதல் பிரிவுக்கு ஏறியது. 2011இல் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டு, ஐந்தாம் பிரிவில் புதிதாகத் தொடங்கியது. இப்போது ரக்பிக் கழகமும் அங்கே ஆடுகிறது. 1965இன் மன்றத்தைப் போல, கட்டடத்தை வேறொன்றுக்கான நெம்புகோலாக மாற்ற இங்கே யாரும் இல்லை. அரசை நெருக்கும் தேதியும் இல்லை. அரங்கம் அரங்கமாக மட்டுமே வந்தது.

2018 குளிர்கால ஒலிம்பிக்குக்கு மீண்டும் முயன்றபோது, 2009இல் பிரெஞ்சு ஒலிம்பிக் குழு கிரெனோபிளை விட்டு அன்னெசியைத் தேர்ந்தது. 2014இல் சூழலியல்வாதி எரிக் பியோல் மேயரானார். பழைய பனிக்கட்டி அரங்கத்தில் நாற்பது ஆண்டுக்கு மேல் நடந்துவந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயம் அந்த ஆண்டோடு நின்றுபோனது.

அரங்கத்தை ஒட்டி, 1968இல் வேகச் சறுக்குப் போட்டி நடந்த 400 மீட்டர் வளையம் பூங்காவுக்குள் இன்னும் இருக்கிறது. பனிக்கட்டி இல்லை. சக்கரச் சறுக்குக்காரர்கள் சுற்றுகிறார்கள். நகரத்தின் இன்னொரு பக்கத்தில், ஒலிம்பிக்குக்காக உயர்த்திய ரயில் பாலத்துக்கு எஸ்தகாத் என்று பெயர். மேலே ரயில் போகும். கீழே, தூண்களுக்கு நடுவே, காலையில் காய்கறிச் சந்தை கூடுகிறது.